காயம் ஆறிய பிறகு உயிரணுக்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றனவா?

செங்கதிர்:
அடிபட்ட இடத்தில் உயிரணுக்கள் வேறு விதமாக நடந்துகொள்வது தற்காலிகமானது என்பதே என் நிலைப்பாடு. தோல் கிழிந்ததும், சிதைந்த அணுக்களிலிருந்து ஏடிபி (அணுக்களுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) போன்ற பொருள்கள் கசிகின்றன. அக்கம்பக்கத்து அணுக்களில் கால்சியம் அலையலையாகப் பரவுகிறது. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் திரள்கின்றன, ஓரிரு நாள்களில் சிதைவுகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் வந்து சேர்கின்றன. காயத்தின் விளிம்புகளை இழுத்துச் சுருக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் அணுக்கள்கூட, வேலை முடிந்ததும் பெரும்பாலும் தாமாகவே மடிந்துவிடுகின்றன. இதற்குமேல், பட்ட காயத்தை அணுக்கள் பின்னரும் 'நினைவு' வைத்திருக்கின்றன என்று சேர்ப்பது தேவையற்றது.

யாழ்மொழி:
நீங்கள் விவரித்த நிகழ்வுகளில் எனக்கு மறுப்பில்லை. முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. 2017-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வொன்றில், எலிகளின் தோலில் அழற்சியை உண்டாக்கி, அது தணிந்த பின் அங்கேயே காயம் ஏற்படுத்தினார்கள். முன்னர் அழற்சி காணாத தோலைவிட அந்தத் தோல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விரைவாகக் காயத்தை மூடியது. அழற்சியின்போது மேல்தோல் குருத்தணுக்களில் (புதிய அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களில்) படிக்கப்படுவதற்கு ஏற்றபடி திறந்துகொண்ட டிஎன்ஏ பகுதிகளுள் சில, அழற்சி அடங்கிய பின்னும் திறந்தபடியே இருந்ததுதான் காரணம். மரபணுவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. புத்தகத்தில் எந்தப் பக்கம் விரிந்து கிடக்கிறது என்பது மட்டுமே மாறியிருந்தது.

செங்கதிர்:
அங்கே அழற்சியை உண்டாக்கியது இமிக்விமோட் என்ற பூச்சு மருந்து, வெட்டுக்காயம் அல்ல. நாம் பேசுவது அடிபடுவதைப் பற்றி.

யாழ்மொழி:
அப்படியானால் அடியையே எடுத்துக்கொள்வோம். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலியின் ஒரு காலில் மட்டும் தசையைக் காயப்படுத்தினார்கள். அடியே படாத மறுகாலின் தசைக் குருத்தணுக்களும் உறக்கம் கலைந்து, சற்றே பருத்து, பின்னர் தூண்டப்பட்டபோது வழக்கத்தைவிட விரைவாக முதல் பிரிவை முடித்தன. ஆகவே மாற்றம் காயத்தின் எல்லைக்குள் நிற்கவில்லை.

செங்கதிர்:
தொலைவில் உள்ள அணுக்கள் விழிப்பதும், அந்த விழிப்பு நிலைத்திருப்பதும் வேறு வேறு. மறுகாலின் அணுக்கள் பின்னர் ஓய்வுக்குத் திரும்பிவிட்டதையும் அதே ஆய்வு காட்டுகிறது. இரண்டையும் 'நினைவு' என்ற ஒரே பெயரில் அடைக்காதீர்கள்.

மருதம்:
இருவரும் குருத்தணுக்களையே சுற்றி வருகிறீர்கள். தழும்பை யாரும் தொடவில்லையே! அங்கே தோலுக்கு வலுவூட்டும் கொலாஜன் என்ற புரத இழைகள் இயல்பான தோலில் இருப்பதுபோல் பின்னிக்கொள்வதில்லை. எத்தனை மாதங்கள் கடந்தாலும் தழும்பு, காயம்படாத தோலின் வலிமையில் சுமார் 80 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. அந்த விறைப்பான இழைகள்மீது அமர்ந்திருக்கும், அந்த இழைகளைச் சுரக்கும் அணுக்களான ஃபைப்ரோபிளாஸ்ட்கள், தம்மை இழுக்கும் விசையை உணர்ந்தே எதைச் சுரப்பது என்று தீர்மானிக்கின்றன. டிஎன்ஏவில் எந்தச் சுவடும் எஞ்சாவிட்டாலும், சூழலே மாறிப்போன பின் அந்த அணுக்கள் பழைய நிலைக்கு எப்படித் திரும்பும் என்பதைச் செங்கதிர் அவர்கள் விளக்க வேண்டும்.