அப்பத்தா வீடு, பாம்பன் (குடும்பக் குழு)

முத்துலட்சுமி: வைகாசி 15 பாப்பாவுக்குக் காதுகுத்து. குமரனிடம் தாய்மாமன் தோடு என்ன ஆச்சு என்று கேட்டால் “எந்தத் தோடு” என்கிறான். பொங்கலுக்கு எல்லார் முன்னாலும்தானே சொன்னான்?

பாண்டி சித்தப்பா: சொன்னான். நானும் இருந்தேன்

செல்வி அத்தை: அரை பவுன்

பாண்டி சித்தப்பா: கால்

செல்வி அத்தை: அரை அண்ணே. அடுப்படி வாசலில் நின்று சொன்னான்

முருகேசன்: பவுன் விற்கிற விலைக்கு எனக்கே மறந்துபோகும். விடுங்கள்

முத்துலட்சுமி: நீங்கள் சும்மா இருங்கள். மறக்கவெல்லாம் இல்லை. ராசு மாமா தர வேண்டிய 4,000 மட்டும் அவனுக்கு மறக்கவே இல்லையே

ராசு மாமா குவைத்: இனிய காலை வணக்கம் 🌹🌹

தேன்மொழி: அக்கா, அண்ணன் வேண்டுமென்று செய்யவில்லை. அண்ணனுக்கு வலிப்பு கிளம்புவது இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, டெம்போரல் லோப் என்கிற மூளைப் பகுதியில். அதற்குள்தான் ஹிப்போகாம்பஸ் இருக்கிறது. புது விஷயத்தை மனசில் ஏற்றுவது அதன் வேலை. ஆனால் அது தனியாக எதையும் கட்டிக் காக்காது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுவில் பின்பக்கம் என்று தள்ளித் தள்ளி இருக்கிற இடங்களோடு ஓயாமல் தொடர்பில் இருந்தால்தான் இன்று கேட்டது அடுத்த மாதமும் நிற்கும். மீன் கரைக்கு வந்தால் போதுமா? ஐஸ் போட்டு வண்டி ஏற்றினால்தானே மதுரைக்குப் போகும். அண்ணனுக்கு மீன் கரைக்கு வந்துவிடுகிறது, வண்டிதான் சரியாக வருவதில்லை.

பாண்டி சித்தப்பா: ஐஸைப் பற்றிப் பேசாதே. ஐஸ் கட்டிக்கு விலை ஏற்றிவிட்டான்

முருகேசன்: தடைக்காலத்தில் எதற்கு மாமா ஐஸ்

பாண்டி சித்தப்பா: விசைப்படகுக்குத்தானே தடை. நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கிறது மாப்பிள்ளை

முத்துலட்சுமி: தேனு, போன மாதம் ஞாபகசக்திக்கு ஏதோ பரிசோதனை செய்தார்களே. நன்றாகச் சொன்னான் என்றுதானே எழுதிக் கொடுத்தார்கள்?

தேன்மொழி: அங்கேதான் சிக்கல். கொஞ்சம் வார்த்தைகளைப் படித்துக் காட்டி அரைமணி நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். அண்ணன் சொல்லிவிடுவார். டெம்போரல் லோப் வலிப்பு இருக்கிற சிலருக்கு அரைமணிக்கு அப்புறமும் இருப்பது, சில வாரங்களில் மற்றவர்களைவிட வேகமாக அழிந்துபோகும். பொங்கல் அன்று ராத்திரியே கேட்டிருந்தால் கிராம் கணக்கோடு சொல்லியிருப்பார்.

செல்வி அத்தை: அரை பவுன் என்று சொல்லியிருப்பான்

பாண்டி சித்தப்பா: தலைக்குள்ளே தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று எப்படிம்மா தெரியும்

தேன்மொழி: எம்ஆர்ஐ மெஷினில் ஒரு வேலையும் கொடுக்காமல் சும்மா படுக்கச் சொல்வார்கள் அப்பா. மூளையில் அந்தந்த இடத்து ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை வைத்து வருகிற சிக்னல் மெதுவாக ஏறி இறங்கும். தள்ளி இருக்கிற இரண்டு இடம் சேர்ந்தாற்போல் ஏறி இறங்கினால் தொடர்பு இருக்கிறது என்று கணக்கு. அண்ணனைப் போல இடப்பக்க வலிப்பு உள்ளவர்களுக்கு ஹிப்போகாம்பஸுக்கும் அந்தப் பின்-நடுப் பகுதிக்கும் தொடர்பு குறைந்திருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தொடர்பு வலுவாக இருப்பவர்கள் பொதுவாகக் கேட்ட வார்த்தையை நன்றாகச் சொல்கிறார்கள். ஆனால் எல்லாருக்கும் அப்படியே இல்லை. சில இடங்களில் தொடர்பு கூடியும் இருக்கும். அது மூளை ஈடுகட்டுவதாகவும் இருக்கலாம், வலிப்பு ஓடுகிற தடமாகவும் இருக்கலாம். ஸ்கேனைப் பார்த்து இவர் தோட்டை மறப்பார் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

முத்துலட்சுமி: சும்மா படுப்பதற்கு எங்கள் வீட்டுக்காரரை அனுப்புகிறேன்

முருகேசன்: 🙏

முத்துலட்சுமி: அப்புறம் 4,000 மட்டும் எப்படி நிற்கிறது?

செல்வி அத்தை: அதை ஏன் திரும்பத் திரும்ப

தேன்மொழி: அது எத்தனை வருஷத்துக் கணக்கு! பழையது அவ்வளவு சீக்கிரம் போகாது, கோபமும் சேர்ந்தால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். வலை பின்னுகிற மாதிரிக் கைப்பழக்கம் வேறு கணக்கு. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நிற்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. அதற்கப்புறம் சந்தித்த ஆள் யாரும் ஞாபகத்தில் நிற்கவில்லை. அவரிடமே, கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார்கள். நாளுக்கு நாள் கோடு திருந்திக்கொண்டே வந்தது. ஆனால் நேற்றும் வரைந்தோம் என்பதே தெரியாது.

செல்வி அத்தை: இதற்குத்தான் ஆபரேஷன் வேண்டாம் என்கிறேன். ஏர்வாடிக்கு ஒரு வியாழக்கிழமை கூட்டிப் போவோம்

தேன்மொழி: இப்போது அப்படி இரண்டு பக்கமும் எடுப்பதில்லை அத்தை. வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு மாத்திரையில் அடங்குவதில்லை, அவர்களிலும் ஏற்றவர்களுக்குத்தான் ஆபரேஷன். ஒரு பக்கம் மட்டும். எடுத்தால் ஞாபகம் எவ்வளவு குறையும் என்று முதலிலேயே சோதித்துப் பார்ப்பார்கள், இடப்பக்கம் என்றால் ரொம்பவே யோசிப்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஆஸ்பத்திரியில் 1995-லிருந்து செய்கிறார்கள். ஏர்வாடிக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது? மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

குமரன்: நானும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறேன்

முத்துலட்சுமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாண்டி சித்தப்பா: தம்பி சாப்பிட்டாயா

குமரன்: பொங்கலுக்குப் பானை சாய்ந்து செல்வி அத்தை திட்டியது ஞாபகம் இருக்கிறது. தோடு சொன்னது இல்லை. சொன்னேன் என்றால் வாங்கிவிடுகிறேன் அக்கா. எவ்வளவு?

செல்வி அத்தை: அரை

பாண்டி சித்தப்பா: கால்டா

செல்வி அத்தை: தோடு கிடக்கட்டும். பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது வந்துவிட்டால்? நான் சாவிக்கொத்து எடுத்து வருகிறேன்

தேன்மொழி: சாவி ஒன்றும் செய்யாது அத்தை. அண்ணன் தரையில் உட்காரட்டும், முருகேசன் அத்தான் ஒட்டியே இருக்கட்டும். வந்தால் பிள்ளையை வாங்கிக்கொண்டு அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டியதுதான். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி. முக்கியமாக முந்தின ராத்திரி அண்ணனைத் தூங்க விடுங்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வர வாய்ப்பு அதிகம்.

பாண்டி சித்தப்பா: முந்தின ராத்திரிதானே கிடா வெட்டு. அவன் இல்லாமல் எப்படி

முருகேசன்: நான் பார்த்துக்கொள்கிறேன்

முத்துலட்சுமி: நீங்களா

குமரன்: இனி என்னிடம் பேசி முடிப்பதை இதிலேயே தேதி போட்டு எழுதுங்கள். பணம் காசு என்றால் கட்டாயம்

ராசு மாமா குவைத்: நல்ல யோசனை மருமகனே 👍

குமரன்: 4,000 மாமா

ராசு மாமா குவைத்: டியூட்டி நேரம். அப்புறம் வருகிறேன்

முத்துலட்சுமி: பார்த்தீர்களா

பாண்டி சித்தப்பா: வேனுக்கு எத்தனை பேர் என்று இன்றே சொல்ல வேண்டும்

செல்வி அத்தை: எந்த வேன்? ஏர்வாடிக்கா, காதுகுத்துக்கா?