பாரசீகக் கதைகளில் கனவும் விதியும்

காத்தான்குடி வாசகி:
சிறுவர் வாசிப்பு வட்டத்தில் கனவும் விதியும் பின்னிய பாரசீகக் கதைகளைச் சொல்ல விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

கல்முனை ஆசிரியர்:
தங்கச்சி, பாரசீக மன்னர்களைப் பாடும் காவியமான ஷாநாமாவில் வரும் ஸஹ்ஹாக்கின் கதையைச் சொல்லுங்கள். தோள்களில் பாம்புகள் முளைத்த அம்மன்னன், இளம் வீரனொருவன் எருதுத்தலைக் கதாயுதத்தால் தன்னை அடித்து, கட்டி, தமாவந்த் மலைக்கு இழுத்துச் செல்வதாகக் கனவு காண்கிறான். அஞ்சியவன், கனவில் கண்ட அவ்வீரனான ஃபரீதூனைத் தேடியலைந்து, அவனுடைய தந்தையையும் அவனுக்குப் பாலூட்டிய பசுவையும் கொல்ல, அக்கொலைகளே ஃபரீதூனின் பகைக்குக் காரணமாகின்றன. விதியை நடத்திவைப்பது மன்னனின் அச்சமே என்பதுதான் இக்கதையின் ஆழம். வீரக்கதைகளை ஆடிக்காட்டும் வடமோடிக் கூத்துப் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்வீரன் அந்நியமாகத் தோன்றமாட்டான்.

களுவாஞ்சிக்குடி வாசகர்:
ஆசிரியர் ஐயா சொல்வது சரியே. எனினும் சின்னஞ்சிறாருக்கு சூஃபிக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்ற நெடுங்கவிதையில் வரும் கதையொன்றையே முதலில் சொல்வேன். கெய்ரோவில் புதையல் இருப்பதாகக் கனவு கண்டு சென்ற பக்தாத்காரர் அங்கே காவலரிடம் அடிபடுகிறார். பக்தாத்தில் இன்ன வீட்டில் புதையல் இருப்பதாகத் தாமும் பலமுறை கனவு கண்டும் போகவில்லை என்று காவலர் கூறுகிறார்; அதுவோ இவருடைய சொந்த வீடு! இங்கே விதி கருணையாக வருகிறது.

அக்கரைப்பற்று வாசகி:
மாயத்துக்குச் சீமுர்க் பறவையையும் சேருங்கள், தங்கச்சி. ஷாநாமாவில் அது வளர்த்த வீரனான சால் அதன் இறகைத் தீயிலிட்டதும் அது வந்து, அவனுடைய மகன் ருஸ்தம் பிறக்க வழி சொல்லும்.