பலகையின் "வால்யூம்": கொள்ளளவா, கன அளவா, மிதப்பளவா?

அனுப்புநர்: தே.

நண்பர்களுக்கு வணக்கம். அலைச்சறுக்குப் பழக வருவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். "முதல் பலகையைத் தேர்ந்தெடுத்தல்" என்ற இயலில் ஓர் அட்டவணை: நீளம், அகலம், தடிமன், வால்யூம். கடைசித் தலைப்புக்குச் சொல் வேண்டும். கீழ்க்கண்ட வரியில் அது உட்கார்ந்தால் போதும்.

"70 கிலோ எடையுள்ளவர் 70 லிட்டருக்குக் குறையாத ______ கொண்ட பலகையில் தொடங்கலாம்."

ராக்கர் (பலகையின் அடிப்பக்க வளைவு), ஃபின் (அடியில் பொருத்தும் தகடு), லீஷ் (பலகையைக் காலோடு பிணைக்கும் வார்) மூன்றுக்கும் நேரமிருந்தால் சொல்லுங்கள். "அலைச்சறுக்குப் பலகை" நாளிதழ்களில் புழங்கிவிட்டது. அதை மாற்றும் எண்ணம் இல்லை.

அனுப்புநர்: ப.

கொள்ளளவு என்று போடுங்கள் அம்மா. தொட்டி, குடம், அணை என்று லிட்டரிலும் கன அடியிலும் அளப்பதற்கெல்லாம் அதுதான் வழக்கு. யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் "அலைச்சறுக்கு" என்பதை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. சறுக்குதல் என்றால் கால் நிலை தவறுதல்; யானைக்கும் அடி சறுக்கும் என்கிறோம். நீரில் ஆளைத் தாங்கும் பொருளுக்குப் புணை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. "தலைப்புணைக் கொளினே தலைப்புணைக் கொள்ளும், கடைப்புணைக் கொளினே கடைப்புணைக் கொள்ளும்" என்று குறுந்தொகை 222 பேசுவது நீர் விளையாட்டைத்தான். முன்முனை தலை, பின்முனை கடை. இரண்டு கலைச்சொற்கள் அதைப் பாடிய சிறைக்குடி ஆந்தையாரிடமிருந்தே கிடைத்துவிட்டன. அலைப்புணை என்றால் என்ன குறை?

அனுப்புநர்: ச.

தலை, கடை இரண்டையும் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்கிறேன் ஐயா. முன்முனையை "மூக்கு" என்று எழுதினால், புதியவர்கள் அதிகம் செய்யும் பிழையை "மூக்குக் குத்துதல்" என்றல்லவா எழுத வேண்டிவரும்? படிப்பவருக்கு மூக்குத்திதான் நினைவுக்கு வரும். "பலகையின் தலை நீருக்குள் குத்துகிறது" என்றால் நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. புணையைப் பற்றி ஒரு தயக்கம். அந்தப் பாட்டில் அதைக் கையால் பற்றுகிறார்கள், "புணைகை விட்டுப் புனலோடு ஒழுகின்" என்று அடுத்த அடியே வருகிறது. இங்கே ஏறி நிற்க வேண்டும்.

கொள்ளளவு கண்டிப்பாக வேண்டாம். பலகை உள்ளே முழுக்க நுரை. அது எதையும் கொள்வதில்லை. கொண்டால் அது பழுது. கண்ணாடியிழை மேலோட்டில் விரிசல் விழுந்து, தெர்மாகோல் வகை நுரை தண்ணீர் குடித்துவிட்டால் பலகை கனத்துப்போகும். பழைய பலகை வாங்குபவரிடம் "விரிசலைத் தேடு, கையில் தூக்கிப் பார், அளவுக்கு மீறிக் கனத்தால் விட்டுவிடு" என்று அதே இயலில் சொல்லப்போகிறோம். "70 லிட்டர் கொள்ளளவு" என்று முந்தின பக்கத்தில் படித்தவர் குழம்பமாட்டாரா?

அந்த லிட்டர், பலகை முழுதும் அமிழ்ந்தால் விலக்கும் தண்ணீரின் அளவு. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ. ஆகவே 70 லிட்டர் பலகை, தன் எடையும் சேர்த்து, சுமார் 72 கிலோவைத் தாங்கும். அதே ஆள் 28 லிட்டர் பலகையில் படுத்தால் பலகை அவருக்கடியில் அமிழ்ந்துவிடும். நெஞ்சு தண்ணீரை எதிர்த்துத் தள்ளும், எவ்வளவு கைபோட்டாலும் அலையின் வேகத்தை எட்ட முடியாது. அலை அடியில் புகுந்து போய்விடும். புதியவர் தன் கைக்கு வலுவில்லை என்று நினைத்துக்கொள்வார். குறை பலகையில் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொடுக்கும் சொல்தான் வேண்டும். என் பரிந்துரை: மிதப்பளவு.

அனுப்புநர்: நி.

கன அளவு என்ற சொல் பள்ளிப் பாடநூலில் தலைமுறைகளாக இருக்கிறது. இலங்கையில் கனவளவு என்பார்கள். இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைப் பண்ணுவானேன்?

மிதப்பளவு அறிவியலாகவும் பிழை. மிதப்பு விசை, விலக்கப்பட்ட நீர்மத்தின் எடை. நீர்மம் மாறினால் விசை மாறும். பலகையின் கன அளவு மாறாது. 60 லிட்டர் பலகை ஏரியிலும் கடலிலும் 60 லிட்டர்தான், மிதப்பு மட்டும் ஏரியில் சற்றுக் குறையும். பாலியூரித்தேன் நுரையும் தெர்மாகோல் வகை நுரையும் ஒரே லிட்டரில் வெவ்வேறு எடை. இரண்டுக்கும் ஒரே "மிதப்பளவு" என்று அச்சிடுவது சரியா?

அனுப்புநர்: ச.

கன அளவில் "கனம்" இருக்கிறதே. பேச்சில் கனம் என்றால் எடை. கனமான அட்டை என்றால் தடிமனான அட்டை. தடிமன் என்ற பத்திக்கு அடுத்த பத்தியில் கன அளவு என்றிருந்தால் பாதிப் பேர் பலகையின் எடை என்றே படிப்பார்கள். எண் பெரிதாக இருக்கிறதே, தூக்க முடியாதே என்று சிறிய பலகைக்குப் போவார்கள். புதியவர் செய்யக்கூடாத தேர்வு அதுதான்.

அனுப்புநர்: ப.

கொள்ளளவைத் திரும்பப் பெறுகிறேன். கனம் பற்றி ஒன்று. இதைக் "கன" என்ற வடசொல்லாகவும் கொள்வர். கனத்தல் என்ற வினை நம்முடையதே என்பாரும் உண்டு. கனை, கனவு, கனல் எல்லாவற்றிலும் செறிவு என்ற பொருள் ஓடுவதாக எனக்குத் தோன்றுகிறது. விரிவாக எழுதுகிறேன்.

அனுப்புநர்: வ.

ஐயா, அது அச்சுக்குப் பிறகு வரட்டும். பலகை செதுக்கும் பக்கத்திலிருந்து சில செய்திகள்.

நி. சொல்லும் எடை வேறுபாடு உண்மை. ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளுக்கிடையே அது ஓரிரு கிலோதான், தொடக்கநிலையில் பெரிதில்லை. பெரிய ஆபத்து வேறு. எந்தப் பெயர் வைத்தாலும் அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. குட்டையாகவும் தடியாகவும் ஒரு பலகையைச் செய்து நிறைய லிட்டர் காட்டிவிடலாம். அதில் எழுந்து நிற்க முயன்றால் உருண்டுவிடும். நிலைப்பு அகலத்திலிருந்தும் நீளத்திலிருந்தும் வருகிறது. 8 அடி நீளம், 22 அங்குலத்துக்கு மேல் அகலம், 3 அங்குலத்துக்குக் குறையாத தடிமன், மேலே மெத்தென்ற உறை: சராசரி எடையுள்ள பெரியவருக்கு முதல் பலகை இப்படி இருக்கட்டும். இந்த அளவில் லிட்டர் தானாகவே வந்துவிடும்.

மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 6 அடி, 19 அங்குலம், இரண்டரை அங்குலம் பெருக்கினால் 56 லிட்டர். அந்த அளவுள்ள பலகையின் உண்மை அளவு 30 லிட்டரை ஒட்டியே இருக்கும். தலையும் கடையும் கூம்புகின்றன, விளிம்பு மெலிகிறது. பலகையில் எழுதியிருக்கும் எண்ணையே எடுக்கச் சொல்லுங்கள்.

ராக்கருக்கு "வில்வளைவு" என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். வில் இருபுறமும் ஒத்து வளையும். பலகை அப்படி இல்லை. சமதரையில் குப்புற வைக்காமல், அடிப்பக்கம் தரையில் படும்படி வைத்துப் பாருங்கள்: நடு தரையைத் தொடும், தலை நன்றாக உயர்ந்திருக்கும், கடை கொஞ்சமாக உயர்ந்திருக்கும். ஆகவே தலைத்தூக்கு, கடைத்தூக்கு. தலைத்தூக்கு அறவே இல்லாவிட்டால் செங்குத்தான அலையில் தலை குத்தும். மிகுந்தால் பலகை தண்ணீரை முன்னே தள்ளிக்கொண்டு போகும், கைபோடுவது வீண். புதியவருக்குக் குறைந்த தூக்கு நல்லது.

அனுப்புநர்: ப.

தூக்கு என்றவுடன் தூக்குமேடை நினைவு வருகிறதே. ஏந்துவளைவு என்றால் என்ன? ஏந்தெழில், ஏந்துகோட்டு யானை என்று...

அனுப்புநர்: நி.

தலைத்தூக்கு நன்றாக இருக்கிறது. "தலைதூக்கு" எல்லோர் வாயிலும் இருக்கும் சொல்.

ஃபினுக்குத் துடுப்பு போதுமா? மீனுக்குப் பாடநூலில் அதுதான்.

அனுப்புநர்: ச.

போதாது. துடுப்புப் போடுவது கையின் வேலை. "துடுப்பு மணலில் தட்டாமல் பார்த்துக்கொள்" என்றால் எதைச் சொல்கிறோம்? செட்டை என்று இலங்கை வழக்கு இருக்கிறது. அடிச்செட்டை என்று போடலாம். முதல் பலகைக்கு வளையக்கூடிய மென்மையான செட்டை மூன்று போதும். ஓரம் கூரானது காலைக் கிழிக்கும்.

அனுப்புநர்: ப.

அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் 1935இல் முதன்முதலாகப் பலகையடியில் பொருத்தியது ஒரு விசைப்படகின் அடிக்கட்டையை என்பார்கள். அதற்கு முன் காலை நீரில் இழுத்துத்தான் திருப்பினார்கள். ஆகவே அது மீனின் உறுப்பன்று, கலத்தின் உறுப்பு. கலத்தின் அடிமரத்துக்கு ஏரா என்று பெயர். ஏராவே பொருந்தும்.

லீஷுக்குக் கால்தளை. புணர்ந்தால் காற்றளை.

அனுப்புநர்: வ.

காற்றளையைக் "காற்று அளை" என்றுதான் படிப்பார்கள் ஐயா. கற்றூண் போலப் புணர்ச்சி சரி; கடற்கரையில் உதவாது. தளை என்றால் விலங்கும்கூட. கால்வார் என்று வையுங்கள். பின்காலின் கணுவில் கட்டுவது. நீளம் பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும். 8 அடிப் பலகைக்கு 6 அடி வார் கட்டினால், விழுந்தவுடன் பலகை சுண்டி இழுபட்டு ஆள் மேலேயே திரும்பி வரும். மிக நீண்டால் நீரில் இழுபட்டு வேகத்தைக் கெடுக்கும்.

அனுப்புநர்: தே.

அனைவருக்கும் நன்றி. நேரம் முடிந்தது. எண்ணிப் பார்த்ததில் மிதப்பளவுக்கு மூவர், கன அளவுக்கு ஒருவர். அட்டவணையில் மிதப்பளவு, அடிக்குறிப்பில் "பலகையின் கன அளவு, லிட்டரில்". தலை, கடை, தலைத்தூக்கு, கடைத்தூக்கு, கால்வார் ஏற்கப்பட்டன. ஃபினுக்கு ஒத்த கருத்து இல்லாததால் ஃபின் என்றே போகிறது.

அனுப்புநர்: நி.

என் மறுப்பு இருக்கட்டும். அடிக்குறிப்பில் விளக்க வேண்டிய சொல் தலைப்பில் இருப்பதும், விளக்கும் சொல் அடியில் இருப்பதும் தலைகீழ். மறுபதிப்பில் மாற்றுங்கள்.

அனுப்புநர்: ப.

ஃபின் என்று அச்சேறுவதை நானும் ஏற்கவில்லை. சொல்லடைவிலாவது ஏரா, அடிச்செட்டை இரண்டையும் சேர்க்க முடியுமா? புணைக்குத் தனி இழை தொடங்குகிறேன். கனம் பற்றிய மடல் நாளை வரும்.