கொஹிமா டென்னிஸ் களக் காட்சி மாதிரி: ரெசின் உறையவில்லை, அடித்தளம் விரிசல் விடுகிறது. உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில், இன்றைய நாகாலாந்தில் பிரிட்டிஷ் இந்தியப் படைகளும் ஜப்பானியரும் மோதிய கொஹிமாப் போரின்போது, 1944 மே 13 அன்று, துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் களத்தில் பிரிட்டிஷ் தரப்பின் லீ வகை டாங்கி ஒன்று இறக்கப்பட்ட காட்சியை 1/35 அளவில் அமைத்து வருகிறேன். 60க்கு 40 செ.மீ. பிளைவுட் பலகையில் தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி, குண்டு விழுந்த பள்ளங்களில் மழைநீர் தேங்கியிருப்பதைக் காட்ட எபாக்சி ரெசின் ஊற்றியிருக்கிறேன். பல நாட்களாகியும் ரெசின் பிசுபிசுப்பாகவே இருக்கிறது, நிறமும் மங்கிவிட்டது. பிளாஸ்டரில் விரிசல்கள் ஓடுகின்றன, பலகையும் வளைந்திருக்கிறது. டாங்கியை வைத்துப் பார்த்தால், சேற்றில் இறங்கியதாகத் தெரியாமல் மேலே எடுத்து வைத்ததாகவே தெரிகிறது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட வேண்டுமா, அல்லது சரிசெய்ய வழியுண்டா?

மறுமொழி 1

நண்பரே, முதலில் ஒரு பல்குச்சியை ரெசினில் அழுத்திப் பாருங்கள். உள்ளே கெட்டியாக இருந்து மேலே மட்டும் எண்ணெய்ப் பசையாக இருந்தால், அது ஈரக்காற்றால் படிந்த படலம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். குச்சி உள்ளே இறங்கினால், ரெசினும் அதை உறையவைக்கும் ஹார்டனரும் உரிய விகிதத்தில் சேரவில்லை, அல்லது கோப்பையின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருந்தது கலக்கப்படாமலே ஊற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்படியானால் எவ்வளவு காத்திருந்தாலும் அது உறையாது. மங்கலுக்குப் பெரும்பாலும் அடியிலுள்ள பிளாஸ்டரின் ஈரமே காரணம்.

மறுமொழி 2

விரிசலுக்கும் வளைவுக்கும் மூலம் ஒன்றுதான்: மேற்புறம் மட்டும் பிளாஸ்டரின் நீரைக் குடித்த பலகை வளைகிறது, அது வளையும்போது மேலேயுள்ள பூச்சு பிளக்கிறது. நன்றாகக் காயவிட்டு, பலகையின் அடிப்புறத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ் அடித்து, கீழே ரீப்பர் கட்டைகளைத் திருகி நிமிர்த்துங்கள். விரிசல்களில் சலித்த மணலையும் காகிதக்கூழையும் ஃபெவிகாலில் குழைத்து அடையுங்கள். போர்க்கள மண்ணுக்கு அந்தச் சொரசொரப்பு பொருத்தமாகவே இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர், அகலம் 10.97 மீட்டர். 1/35 அளவில் இது ஏறத்தாழ 68க்கு 31 செ.மீ. ஆகிறது, எனவே முழுக் களமும் உங்கள் பலகையில் அடங்காது. சுருக்கி அடக்கினால் டாங்கி மிகப் பெரிதாகத் தெரியும் என்பதால், வலையிலிருந்து ஒரு பாதியை மட்டும் காட்டி, மீதியிடத்தை மலைச்சரிவுக்கு விடுவதே நல்லது. அங்கே நிலம் படிப்படியாக வெட்டப்பட்டிருந்தது: கீழே பங்களா, நடுவே களம், மேலே கிளப் கட்டடம். இந்த ஏற்ற இறக்கம் இல்லாவிட்டால் காட்சி கொஹிமாவாகவே இராது. இலையுதிர்ந்த மரங்களுக்குக் காய்ந்த வேர்களும், அவற்றில் சிக்கித் தொங்கிய பாராசூட்டுகளுக்கு நீர்த்த ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ காகிதமும் போதும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. குச்சி உள்ளே இறங்குகிறது. ஓரங்களில் மட்டுமே கெட்டியாக இருக்கிறது. தின்னர் ஊற்றிக் கரைத்து எடுக்கலாமா?

மறுமொழி 1

தின்னர் வேண்டவே வேண்டாம். விரிசல் வழியாக இறங்கினால் அது தெர்மாகோலை அரித்துப் பள்ளமாக்கிவிடும். கையுறை அணிந்து, மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுங்கள். பிளாஸ்டர் முழுவதும் காய்ந்தபின், நீர்த்த ஃபெவிகாலை இருமுறை பூசி அடைத்து, அதுவும் காய்ந்தபிறகு புதிய ரெசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். ஆனால் டாங்கிக்கான சேற்று வேலை முடிந்த பிறகே ரெசின் ஊற்றும் வேலையைத் தொடுங்கள்.

லீ டாங்கியின் எடை ஏறத்தாழ 27 டன். மழையில் ஊறிய மண்ணில் அதன் செயின்கள் 20 செ.மீ. புதைந்ததாகக் கொண்டால், உங்கள் அளவில் சுமார் 6 மி.மீ. வரும். மணல், ஃபெவிகால், அடர்பழுப்பு அக்ரிலிக் ஆகியவற்றைக் குழைத்துப் பரப்பி, அது பாதி இறுகும்போது, செயின்களில் மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றி டாங்கியை அழுத்தி எடுங்கள். தடம் காய்ந்தபின் டாங்கியை ஒட்டி, அதே குழம்பைச் சக்கரங்களின் இடுக்குகளில் திணியுங்கள். டாங்கி மேலிருந்து செங்குத்தான சரிவில் இறக்கப்பட்டதால், பின்னால் போகும் தடம் சரிவின்மேல் ஏறிச் செல்ல வேண்டும். தடப் பள்ளங்களில் மட்டும் பளபளப்பு வார்னிஷ் தொட்டால் ஈரம் நம்பும்படி இருக்கும்.

அழுத்துவதற்கு முன் திசையை முடிவு செய்துவிடுங்கள். லீயின் 75 மி.மீ. பீரங்கி சுழலும் கோபுரத்தில் இல்லை. உடற்பகுதியின் வலப்புறத்தில், சிறிதளவே திரும்பும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. ஜப்பானியரின் பதுங்கு குழியைச் சுடுவதாகக் காட்ட, முழு டாங்கியுமே அந்தக் குழியை நோக்கி நிற்க வேண்டும்.