சூப்பர்ஹீரோ குறும்படம்: உடை, வில்லன், சண்டை எல்லாவற்றையும் தூக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

கேள்வி

வணக்கம். விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) கடைசி வருடம் படிக்கிறோம். பதினைந்து நிமிடத்தில் ஒரு சூப்பர்ஹீரோ குறும்படம் எடுக்கப் போகிறோம். கதை இதுதான்: அசாத்திய வேகம் உள்ள ஒருவன். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் விபத்து, அவனால் ஓரிடத்துக்குத்தான் போக முடிகிறது. அங்கே எல்லோரும் பிழைக்கிறார்கள், ஊரே அவனைக் கொண்டாடுகிறது. இன்னோர் இடத்தில் அண்ணனைப் பறிகொடுத்த பெண் அவனைத் தேடிக் கண்டுபிடித்து வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

உடை கிடையாது, வில்லன் கிடையாது, சக்தி எப்படி வந்தது என்ற முன்கதை கிடையாது, கடைசியில் சண்டையும் கிடையாது. கேமராமேன், "அப்போ இதை எதுக்கு சூப்பர்ஹீரோ படம்னு சொல்றோம்? ஆம்புலன்ஸ் டிரைவர் கதையா எடுத்துடலாமே" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் எனக்கு விட மனமில்லை. இந்த வகைப் படங்களில் ஆபத்தில் மாட்டுகிறவர்களுக்கு முகமே இருப்பதில்லை. கத்துவார்கள், ஓடுவார்கள், கடைசியில் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். அதைத்தான் மாற்ற நினைக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது?

பதில் 1

உங்கள் கேமராமேன் சொல்வது பாதி சரி. எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிட்டால் எதை உடைத்தீர்கள் என்பதே பார்ப்பவர்களுக்குத் தெரியாது. முதல் இரண்டு நிமிடம் வழக்கமான படம் மாதிரியே எடுங்கள்: காப்பாற்றுகிறான், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, இசை ஏறுகிறது. அப்புறம் அந்தப் பெண் கதவைத் தட்டட்டும். அதுவரை கைதட்டிய பார்வையாளனும் அந்தக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வான்.

இன்னொன்று, நாம் மரபு என்று நினைக்கிற பல விஷயங்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. 1938-இல் சூப்பர்மேன் அறிமுகமான முதல் கதையில் அவனுக்குப் பறக்கவே தெரியாது, தாவுவான். உலகத்தை அழிக்க வரும் வில்லனும் அதில் இல்லை. மனைவியை அடிக்கிற ஒருவனைத் தடுக்கிறான், தவறாகத் தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து மீட்கிறான். அதனால் வில்லன் இல்லாததற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

பதில் 2

நான் ஒளிப்பதிவுப் பக்கம். முதலில் கேமராவின் உயரத்தை முடிவு செய்யுங்கள். நாயகனைக் கீழேயிருந்து பார்த்து எடுத்தால் அவன் தானாகவே பெரியவனாகிவிடுவான், வசனத்தில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும் சரி. அந்தப் பெண்ணின் கண் மட்டத்திலேயே படம் முழுக்க நில்லுங்கள்.

வேகத்தைக் காட்ட கிராஃபிக்ஸ் வேண்டாம், மாணவர் படத்தில் அது பெரும்பாலும் பல்லிளிக்கும். 2000-இல் வந்த அன்பிரேக்கபிள் என்ற ஆங்கிலப் படத்தில் நாயகனான அப்பா எடை தூக்குகிற காட்சியை ஒருமுறை பாருங்கள். இரும்புத் தட்டுகள் தீர்ந்துபோய் பெயின்ட் டப்பாக்களைக் கம்பியில் மாட்டுகிறார்கள், பக்கத்தில் நிற்கும் பையனின் முகம் மாறிக்கொண்டே போகிறது. சக்தி முழுவதும் அந்த முகத்தில்தான் தெரிகிறது. உங்களுக்கும் அது போதும். ஓடியதைக் காட்டாதீர்கள், ஓடி முடித்தவனைக் காட்டுங்கள். அடிப்பகுதி உருகி வழிந்த செருப்பு, காது அடைத்துப்போன மாதிரி ஒலி, சட்டையில் ஒரு பக்கம் மட்டும் அப்பியிருக்கும் புழுதி. ஒலிக்கு நேரம் ஒதுக்குங்கள், மாணவர்கள் கடைசி இரவில் உட்கார்ந்து செய்கிற வேலை அது, அப்படிச் செய்தால் இந்தக் கதை நிற்காது.

பதில் 3

முதல் பதிலோடு எனக்கு உடன்பாடில்லை. பதினைந்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தைக் கொண்டாட்டத்துக்குக் கொடுப்பது அதிகம். வீட்டுக்குள் டிவியில் அந்தச் செய்தி ஓடட்டும், அவள் வாசலில் நிற்கும்போதே கைதட்டல் கேட்கட்டும். வழக்கமான படமும் உள்ளே வந்துவிடும், நேரமும் மிஞ்சும்.

எனக்குப் பெரிய கவலை அந்தப் பெண்தான். அவள் அழுவதற்கும் அவனைக் குற்றவாளியாக உணரவைப்பதற்கும் மட்டும் வந்தால் அவளும் முகமில்லாதவள்தான், நீங்கள் எதை எதிர்க்கிறீர்களோ அதையே செய்கிறீர்கள். அவளுக்கு அவனிடமிருந்து என்ன வேண்டும்? மன்னிப்பு வேண்டாம் என்று வையுங்கள். "ரெண்டு இடமும் தெரிஞ்சுதான் அங்க போனீங்களா?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் வேண்டும். இப்போது ஆம்புலன்ஸ் டிரைவர் விஷயத்துக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. டிரைவரை எங்கே போக வேண்டுமென்று வேறு யாரோ சொல்லி அனுப்புகிறார்கள். இவனை யாரும் அனுப்பவில்லை, இவனே தேர்ந்தெடுத்தான். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத சக்தி என்பது இந்த வகைக் கதைக்குள் மட்டும்தான் சாத்தியம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பதில் 3-ஐக் கேமராமேனிடம் காட்டினேன், "இது எடுக்கலாம்" என்றான். டிவி, கைதட்டல், கதவு என்று தொடங்குகிறோம். அவளுடைய கேள்விக்கு அவன் என்ன பதில் சொல்வான் என்பதில்தான் இப்போது நிற்கிறேன். தெரியாது என்று பொய் சொல்லவைக்கலாமா?

பதில் 3

பொய் சொல்லட்டும், ஆனால் அவளுக்கு அது பொய் என்று தெரிய வேண்டும். அதற்கு அவன் வாயிலிருந்தே ஒரு சொல் தவறி வர வேண்டும், அந்த இன்னொரு விபத்தையும் பார்க்காமல் அவனுக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஏதாவது ஒன்று. அண்ணன் போட்டிருந்த சட்டையின் நிறம் மாதிரி. அந்த வரியை எழுதிவிட்டு மற்ற வசனங்களைப் பாருங்கள், பாதியை வெட்டிவிடலாம்.