பாக்ஸிங் கத்துக்க உடம்பைத் தயார் பண்ணணும்: எதுல ஆரம்பிக்கிறது?

கேள்வி — புதுக்கை

வயசு 29, உயரம் 174 செ.மீ., எடை 86 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. மூணு மாசம் கழிச்சு பாக்ஸிங் வகுப்புல சேரலாம்னு இருக்கேன். மெடல் ஆசையெல்லாம் இல்ல. ஒழுங்கா கத்துக்கணும், ஒரு கட்டத்துல மூணு ரவுண்டு ஸ்பாரிங் (இன்னொருத்தரோட பயிற்சிச் சண்டை) தாக்குப்பிடிக்கணும், அவ்வளவுதான்.

இப்போதைய நிலைமை: ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஸ்கிப்பிங் 40 விநாடி தாண்டல, மறுநாள் கெண்டைக்கால் பிடிச்சுக்குது. தினம் அஞ்சாறு சிகரெட். படுக்க ராத்திரி ஒரு மணி ஆகிடுது.

ஓட்டத்துல ஆரம்பிக்கவா, எடை தூக்கவா? பேக் (தொங்கவிட்டுக் குத்துற பை) வாங்கி வீட்லயே குத்திப் பழகலாமா? பழக்கத்துல எதை முதல்ல மாத்துறது? எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டா அடுத்த வாரமே பழையபடி ஆகிடுது.

பதில் — மூணு நிமிஷம்

மூணு மாசம் தாராளம். ஆனா வரிசை முக்கியம். நுரையீரலும் இதயமும் சில வாரத்திலேயே தேறிடும். தசைநாணும் எலும்பும் பழக மாசக்கணக்கு ஆகும். புதுசா வர்றவங்க பாதியில நிக்கிறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மூச்சு நல்லா வருதேன்னு அளவைக் கூட்டுவாங்க, அஞ்சாவது வாரம் காலோ மணிக்கட்டோ மக்கர் பண்ணும்.

முதல் ரெண்டு வாரம் தூக்கத்தைத் தவிர வேற எந்தப் பழக்கத்தையும் தொடாதீங்க. ஒரு மணிக்குப் படுக்கிறவர் திடீர்னு பத்து மணிக்குப் படுத்தா தூக்கம் வராது, எரிச்சல்தான் வரும். எழுந்திரிக்கிற நேரத்தை முதல்ல நிலைப்படுத்துங்க, ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். படுக்கிற நேரத்தை நாலஞ்சு நாளைக்கு ஒருமுறை 20 நிமிஷம் முன்னால நகர்த்துங்க. மதியத்துக்கு அப்புறம் காபி, டீ வேண்டாம். குடிச்ச காஃபீன்ல பாதி, அஞ்சு மணி நேரம் போனாலும் உடம்புலயே நிக்கும்.

சிகரெட்டுக்கு ஒரு தேதி குறிச்சு முழுசா விடுங்க. புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்துல ரத்தத்துல ஒட்டிக்கும். விட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல அது வடிஞ்சிடும். அதே ரெண்டு மூணு நாள்தான் ஏக்கமும் உச்சத்துல இருக்கும், அதனால பயிற்சி குறைவான நாள்கள்ல அந்தத் தேதி விழட்டும். ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிஷம்தான். அந்த நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை வேணும். கிளவுஸுக்குள்ள கட்டற துணிப்பட்டையை, அதான் பேண்டேஜை, கையில சுத்திப் பழகறதே போதும்.

இன்னொண்ணு: புகை, எடை, மாடி ஏறினா மூச்சு வாங்கறது, மூணும் சேர்ந்திருக்கு. கடுமையான பயிற்சி எதையும் தொடங்கறதுக்கு முன்னாடி டாக்டரைப் பார்த்து ரத்த அழுத்தம் பார்த்துக்குங்க. நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தா அன்னிக்கு நிறுத்திட வேண்டியதுதான்.

பதில் — கடைசிமணி

இவ்வளவு யோசிக்கவே வேணாம் ப்ரோ. தினம் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து 5 கிலோமீட்டர் ஓடுங்க, 200 புஷ்-அப். ரோடு ஓட்டம் இல்லாம பாக்ஸர் உருவானதே இல்ல.

பதில் — மூணு நிமிஷம்

ஓட்டம் வேணும்ங்கறதுல சந்தேகமே இல்ல. ஆனா 86 கிலோவுல, பழக்கமில்லாத கால்ல, தினமும் 5 கி.மீ.ன்னா ரெண்டாவது வாரமே முன்காலெலும்பு வலிக்கும். வாரம் மூணு நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி: 1 நிமிஷம் மெல்ல ஓட்டம், 2 நிமிஷம் நடை, இப்படி எட்டு தடவை. ஓடும்போது முழு வாக்கியமா பேச முடியணும். முடியலன்னா வேகம் அதிகம். வாராவாரம் ஓட்டத்துல அரை நிமிஷம் கூட்டி, நடையில குறைங்க. விடாம 25 நிமிஷம் ஓட வந்தப்புறம் வாரம் ஒரு நாள் மட்டும் வேகம்: 1 நிமிஷம் வேகமா, 1 நிமிஷம் மெதுவா, ஆறு தடவை. ரவுண்டு 3 நிமிஷம், ஓய்வு 1 நிமிஷம்ங்கறதால கடைசியில அந்த அளவுக்கே வந்து நிக்கலாம்.

புஷ்-அப் பத்தி ஒரு வார்த்தை. குத்துறதே முன்னால தள்ளுற வேலை. அதோட 200 புஷ்-அப்பும் சேர்ந்தா தோள் முன்பக்கமா சரிஞ்சு, கை தூக்கும்போது வலிக்க ஆரம்பிக்கும். ஒரு செட் தள்ளினா ரெண்டு செட் இழுங்க: ரப்பர் பேண்டு இழுக்கறது, ரோயிங் (துடுப்பு போடற மாதிரி இழுக்கறது). வாரம் ரெண்டு நாள் போதும். கூடவே ஸ்குவாட், பிளாங்க் (முழங்கை ஊன்றி உடம்பை நேரா பிடிக்கறது), அப்புறம் யாரும் கண்டுக்காத கழுத்து: உள்ளங்கையால தலையை நாலு பக்கமும் தள்ளி, தலை அசையாம 10 விநாடி எதிர்த்து நிக்கறது.

பதில் — கயிறும் காலும்

ஸ்கிப்பிங் விஷயம். 40 விநாடில நிக்கறதுக்கு மூச்சு மட்டும் காரணம் இல்ல, ரொம்ப உயரமா குதிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். கயிறு போக ரெண்டு செ.மீ. உயரம் போதும். முன்பாதத்துல இறங்கணும், முழங்கால் லேசா மடிஞ்சிருக்கணும், கயிறு சுத்தறது மணிக்கட்டு வேலை, தோள் வேலை இல்ல. நீளம் பார்க்க கயிறு நடுவுல ஒரு காலை வெச்சு ரெண்டு பிடியையும் மேல இழுங்க: அக்குள் வரைக்கும் வந்தா சரி. அதைவிட நீளமா இருந்தா முழங்கை விரிஞ்சு, கால்ல தட்டிக்கிட்டே இருக்கும்.

சிமெண்ட் தரையில ஆடாதீங்க. ரப்பர் மேட் இல்லன்னா மரத்தரை. 30 விநாடி ஆட்டம், 30 விநாடி ஓய்வு, ஆறு தடவை, வாரம் மூணு நாள். ஆட்டத்தை வாரத்துக்குப் பத்துப் பதினஞ்சு விநாடி கூட்டினா, மூணு மாச முடிவுல முழு 3 நிமிஷத்தை எட்டிப் பிடிக்கலாம். கெண்டைக்கால் பிடிப்புக்கு: படியோட விளிம்புல நின்னு குதிகாலை ஏத்தி, மூணு விநாடி எடுத்து மெதுவா இறக்குங்க, 15 தடவை, மூணு செட். இறக்குற பகுதியை அவசரப்பட்டா பலன் பாதிதான்.

பதில் — இடது முன்னால

பேக் கேள்விக்கு வர்றேன். வீட்ல பேக் மாட்டுங்க, ஆனா வகுப்புல கோச் உங்க ஜாபும் (முன்கை நேர்க்குத்து) கிராஸும் (பின்கை நேர்க்குத்து) சரின்னு சொன்னப்புறம். அதுவரைக்கும் கண்ணாடி முன்னாடி ஷேடோ பாக்ஸிங், அதாவது வெறும் காத்துல குத்திப் பழகறது. தப்பு ஸ்டான்ஸோட (நிக்கிற நிலை) ஆயிரம் குத்து குத்திட்டு வர்றவரைத் திருத்தறதுக்கு, ஒண்ணுமே தெரியாம வர்றவருக்குச் சொல்லிக் கொடுக்கறது எவ்வளவோ சுலபம்.

ஷேடோ பண்ணும்போது மொபைலைப் பக்கவாட்டுல வெச்சு வீடியோ எடுத்துப் பாருங்க. வழக்கமா மாட்டறது இதெல்லாம்தான்: ஜாப் அடிச்ச கை கன்னத்துக்குத் திரும்பாம இடுப்புக்கு இறங்கும், நகரும்போது ரெண்டு பாதமும் ஒட்டிக்கும், பின்கால் குதிகால் தரையில பதிஞ்சு இடுப்பு திரும்பாது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டே குத்துவோம். கடைசிது முக்கியம். ஒரே நிமிஷத்துல தள்ளாடறவங்களுக்குப் பெரும்பாலும் ஸ்டாமினா குறை இல்ல, மூச்சை விடாததுதான். ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்குல 'ஸ்'னு காத்து வெளிய வரணும்.

பேக் வாங்கும்போது உங்க எடையில பாதி, அதாவது 40 கிலோ பக்கம் பாருங்க. லேசான பேக் ஊசலாடி, துரத்திக்கிட்டே குத்த வெச்சிடும். சரியா விழுந்த குத்துக்கு பேக் நின்ன இடத்துலயே அதிரும், சத்தம் பட்டுனு இருக்கும். தள்ளின குத்துக்கு தொம்முன்னு சத்தம் வந்து பேக் அந்தப் பக்கம் போயிடும். அந்த வித்தியாசத்தைக் காதாலயே பிடிக்கலாம்.

கை பேண்டேஜ் 180 அங்குலம், அதாவது நாலரை மீட்டர் வாங்குங்க. சின்னது மணிக்கட்டுக்குப் பத்தாது. கட்டை விரல்ல மாட்டி, மணிக்கட்டுல மூணு சுத்து, விரல் முட்டி மேல மூணு சுத்து, விரலிடுக்குகள் வழியா ஒவ்வொண்ணா, கடைசியா மறுபடி மணிக்கட்டு. சுத்தும்போது விரலை விரிச்சே வைங்க. மூடின கையில சுத்தினா கை திறக்கும்போது ரத்த ஓட்டம் நிக்கும். விரல் நுனி மரத்தா அவிழ்த்துட்டு மறுபடி சுத்துங்க. குத்து விழ வேண்டியது ஆள்காட்டி, நடுவிரல் முட்டியில. சுண்டுவிரல் பக்கம் விழுந்தா உள்ளங்கை எலும்பு உடையும். அந்த முறிவுக்கே பாக்ஸர் ஃபிராக்சர்னுதான் பேரு.

கிளவுஸ்: பேக்குக்கு 12 அல்லது 14 அவுன்ஸ், ஸ்பாரிங்குக்குத் தனியா 16. ஒரே ஜோடியை ரெண்டுக்கும் வெச்சா பேக் அடிச்சு அடிச்சு உள்ளே பஞ்சு அமுங்கிடும், எதிர்ல நிக்கறவர் முகம்தான் அனுபவிக்கும்.

ஸ்பாரிங்குக்கு கோச் சொல்லாம இறங்காதீங்க. மவுத் கார்டு பல்லுக்குப் பொருந்தணும், வாயைத் திறந்தா கீழே விழக்கூடாது. ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்கறதைத் தடுக்காது. குத்து வாங்கி தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசறது, ஞாபகம் மங்கறது, இதுல ஒண்ணு வந்தாலும் அன்னிக்கு நிறுத்தி டாக்டரைப் பாருங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் தலையில குத்து வாங்கக்கூடாது.

பதில் — மூணு நிமிஷம்

சாப்பாடு விட்டுப்போச்சு. எடை வாரம் அரை கிலோ குறைஞ்சா போதும். அதுக்கு மேல அவசரப்பட்டா தூக்கமும் கெடும், பயிற்சியும் தேறாது. புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், உங்களுக்கு நாளைக்கு 135 – 140 கிராம், மூணு நாலு வேளையா பிரிச்சு. சிறுநீரகக் கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்காம கூட்டாதீங்க. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்க; ஒரு கிலோ குறைஞ்சிருந்தா அடுத்த சில மணி நேரத்துல ஒன்றரை லிட்டர் தண்ணீர். வியர்வை கொட்டறதுக்காக பிளாஸ்டிக் சட்டை போட்டு ஆடறது வேண்டாம். அதுல போறது தண்ணி, கொழுப்பு இல்ல.

புதுக்கை

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: முன்காலெலும்பு உள்பக்கமா இப்பவே லேசா வலி இருக்கு. ஓட்டத்தை ஆரம்பிக்கலாமா?

பதில் — கயிறும் காலும்

எலும்போட உள்விளிம்பு நெடுக விரலால அழுத்திப் பாருங்க. நாலஞ்சு விரல்கடை நீளத்துக்குப் பரவலா வலிச்சா ஷின் ஸ்பிளின்ட்ஸா (அதிகமா ஓடறதாலயும் குதிக்கறதாலயும் முன்காலெலும்பு நெடுக வர்ற வலி) இருக்கலாம். ஒரே புள்ளியில சுருக்குன்னு வலிச்சாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிச்சாலோ எலும்புல நுண்முறிவா இருக்க வாய்ப்பு உண்டு. டாக்டரைப் பார்க்காம ஓடாதீங்க, குதிச்சுச் சோதிக்கவும் வேண்டாம். பரவலான வலின்னா ரெண்டு வாரம் ஓட்டம், கயிறு ரெண்டையும் நிறுத்தி சைக்கிள் இல்ல நீச்சல். வேகமா நடந்தும் வலி இல்லன்னா மேலே சொன்ன ஓட்டத்தை எட்டு தடவைக்குப் பதிலா நாலு தடவையில தொடங்குங்க. கயிறு அதுக்கும் ஒரு வாரம் கழிச்சு.