பாரசீகர் என்பதா, ஈரானியர் என்பதா?

கேள்வி: நெடுவழிப்போக்கன்

என்னோடு பணிபுரியும் ஒருவர் ஈரானின் ஷிராஸ் நகரில் பிறந்து, 1979ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு சிறுவயதிலேயே பெற்றோருடன் நாட்டைவிட்டு வெளியேறியவர். எந்த ஊர் என்று யார் கேட்டாலும் தம்மைப் பாரசீகர் என்றே அறிமுகப்படுத்திக்கொள்வார். அதே அலுவலகத்தில் அந்நாட்டின் வடமேற்கு நகரான தப்ரீஸிலிருந்து வந்த இன்னொருவர் இருக்கிறார். அவர் தம்மை ஈரானியர் என்பாரே தவிர, பாரசீகர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. இரண்டு சொற்களும் ஒன்றுதான் என்று நான் இதுவரை நினைத்திருந்தேன்.

முதலாமவர் அடிக்கடி சொல்லும் மற்றொன்று, தம் பண்பாடு 2,500 ஆண்டுகளாக அறுபடாமல் வருவது என்பதாகும். அதற்குச் சான்றாகத் தம் தங்கையின் பிறப்புச் சான்றிதழைக் கூடக் காட்டினார். அதில் பிறந்த ஆண்டு 2536 என்றிருக்கிறது. அரபுப் படையெடுப்பும் மங்கோலியரின் அழிவும் மதமாற்றமும் புரட்சியும் கண்ட ஒரு நாட்டில் எதுதான் அறுபடாமல் இருக்க முடியும்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: கல்வெட்டுநேயன்

பெயரைப் பொறுத்தவரை உங்கள் இரு நண்பர்களும் அவரவர் அளவில் சரியாகவே பேசுகிறார்கள். பார்ஸ் என்பது ஷிராஸைச் சுற்றியுள்ள தென்மேற்குப் பகுதியின் பெயர். அங்கிருந்து எழுந்த அரசர்கள் பேரரசு அமைத்ததால், கிரேக்கர்கள் அந்தப் பகுதியின் பெயரையே நாடு முழுமைக்கும் வைத்துவிட்டார்கள். அரபு மொழியில் 'ப' ஒலி இல்லாததால் பார்ஸ் பிற்காலத்தில் ஃபார்ஸ் ஆயிற்று. மொழிக்கு ஃபார்சி என்ற பெயரும் அவ்வழியே வந்தது.

ஈரான் என்பது 1935இல் புதிதாகப் புனைந்த பெயர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. அரபுப் படையெடுப்புக்கு முன் நாட்டை ஆண்ட சாசானிய மரபின் கி.பி. 3ஆம் நூற்றாண்டு மன்னர்கள் தம் கல்வெட்டுகளில் 'ஏரான்' நாட்டு அரசர்களின் அரசர் என்றே தம்மைக் குறித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் முந்தைய பழம்பாரசீகப் பேரரசன் டேரியஸ், நக்ஷ்-ஏ-ருஸ்தம் பாறையில், தான் பாரசீகன் என்றும் ஆரியன் என்றும் (ஈரான் என்ற பெயரின் வேர் இச்சொல்தான்) இரண்டையும் சேர்த்தே பொறித்துவைத்தான். 1935இல் அப்போதைய மன்னர் ரெசா ஷாவின் அரசு செய்ததெல்லாம், உள்நாட்டில் வழங்கிய பெயரையே வெளிநாட்டு அரசுகளும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டதுதான்.

ஆகவே ஈரானியர் என்பது அஜர்பைஜானியர், குர்துகள், லூர்கள், பலூச்சிகள், அரபுகள், துர்க்மேனியர் உட்பட அந்நாட்டார் அனைவருக்குமான சொல். பாரசீகர் என்பது அவர்களுள் பாரசீக மொழி பேசும் மக்களை மட்டுமே குறிக்கும். தப்ரீஸ்காரரின் தாய்மொழி பெரும்பாலும் அஜர்பைஜானியத் துருக்கியாகவே இருக்கும். 1501இல் ஷா இஸ்மாயில் முடிசூடி, ஷியா நெறியை அரச சமயமாக அறிவித்தது அந்த ஊரில்தான்; அவரே 'கதாயி' என்ற புனைபெயரில் துருக்கியில் கவிதை எழுதியவர். ஈரானை ஷியா நாடாக்கியவரே துருக்கியில் பாடியவராக இருக்கும்போது, தப்ரீஸ்காரர் தம்மை ஈரானியர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குவதற்கு எக்காரணமும் இல்லை.

ஷிராஸ்காரரின் விருப்பத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். புரட்சிக்குப் பின் தெஹ்ரானிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் 52 பேர் 444 நாள்கள் பிணையாக வைக்கப்பட்டிருந்த காலத்தில், மேற்கு நாடுகளில் ஈரானியர் என்று சொல்வதே சங்கடமாகிவிட்டது. பாரசீகர் என்றால் கேட்பவருக்குக் கம்பளமும் கவிதையும் நினைவுக்கு வரும். அரசாங்கம் நினைவுக்கு வராது.

மறுமொழி: சாம்பல்நிறப் பூனை

எனக்கு உறுத்துவது 'அறுபடாமல்' என்ற சொல். பாசர்காதில் உள்ள, பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸின் கல்லறையை அப்பகுதி மக்கள் பல நூற்றாண்டுகளாகச் சுலைமான் நபியின் தாயாருடைய அடக்கத்தலம் என்றே அழைத்துவந்தார்கள். அப்பேரரசின் தலைநகரான பெர்சப்போலிஸின் இடிபாடுகளுக்கு இன்றும் வழங்கும் பெயர் 'தக்த்-ஏ-ஜம்ஷித்'. அதாவது, புராண அரசன் ஜம்ஷிதின் அரியணை. அதைக் கட்டத் தொடங்கியவன் டேரியஸ் என்பது மக்கள் நினைவிலிருந்து மறைந்தேபோயிற்று. கவிஞர் பிர்தௌசி 1010இல் முடித்த ஷாநாமா என்ற காவியம், ஏறத்தாழ 50,000 ஈரடிகளில் பழைய மன்னர்களின் கதையைச் சொல்கிறது. அத்தனை அடிகளிலும் சைரஸுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. பழம்பாரசீக ஆப்பெழுத்துகளை 19ஆம் நூற்றாண்டில் அறிஞர்கள் படித்தறிந்த பிறகுதான் அந்த மன்னர்கள் தம் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள்.

இதில் நமக்கும் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ் விவிலியத்தில் 'பெர்சியாவின் ராஜாவாகிய கோரேஸ்' என்று வருபவர் இதே சைரஸ்தான். எபிரேயத்தின் வழியாக வந்த அந்த வடிவம், ஈரானியர் இன்று சொல்லும் 'கூரோஷ்' என்பதற்கு ஆங்கில வடிவத்தைவிட நெருக்கமானது.

மறுமொழி: வாசகர் வட்டம்

பூனையார் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அரசர்களின் பெயரை மறந்தவர்கள் மொழியை மறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைசிச் சாசானிய மன்னன் மூன்றாம் யஸ்தகிர்த் 651இல் மெர்வ் அருகே கொல்லப்பட்டான். அதே தலைமுறையில் அரபுகளிடம் வீழ்ந்த எகிப்து, சமயத்தோடு நாளடைவில் மொழியையும் மாற்றிக்கொண்டது. ஈரான் சமயத்தை மாற்றிக்கொண்டது, மொழியை விடவில்லை. இதைவிடப் பெரிய செய்தி அந்நாட்டு வரலாற்றில் இல்லை என்பது என் கருத்து.

எனினும் அது பழைய மொழியாகவே திரும்பவில்லை. அரபு எழுத்தை ஏற்று, அரபுச் சொற்களை ஏராளமாக உள்வாங்கி, 10ஆம் நூற்றாண்டில் சாமானிய அரசர்களின் ஆதரவில் அது இலக்கிய மொழியாக மலர்ந்தது. அவர்களுடைய தலைநகரான புகாரா இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அந்த மலர்ச்சிக்கு நிலமாக இருந்த ஊரே இன்றைய ஈரானின் எல்லைக்கு வெளியே நிற்பதால், மொழியையும் நாட்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் சற்று நிதானிப்பது நல்லது. மங்கோலியர் 1221இல் நிஷாப்பூரை அழித்தார்கள். நூறாண்டு கழிவதற்குள் அவர்களின் அமைச்சர் ரஷீத் அத்தீன் பாரசீகத்தில் உலக வரலாறு எழுதிக்கொண்டிருந்தார். பின்னர் தில்லி வழியாகவும் ஆர்க்காடு வழியாகவும் நம் வரை வந்த அந்த மொழியின் எச்சங்களே ஜமீன்தாரும் குமாஸ்தாவும்.

மறுமொழி: கல்வெட்டுநேயன்

எல்லோரும் 2536ஐ விட்டுவிட்டீர்கள். அந்தச் சான்றிதழ் நண்பரின் வாதத்துக்கு எதிரான சான்று.

ஈரானில் வழங்குவது, நபிகள் மதீனாவுக்குப் புலம்பெயர்ந்ததிலிருந்து (ஹிஜ்ரா) எண்ணப்படும் ஹிஜ்ரி சூரிய ஆண்டு. வசந்தகாலச் சம இரவு நாளில் நவ்ரூஸ் என்ற புத்தாண்டு பிறக்கும். 1925க்கு முன்பு மாதங்களுக்கு இராசிகளின் அரபுப் பெயர்கள் இருந்தன. முதல் மாதம் ஹமல், அதாவது நம் மேஷம். அவ்வாண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, பர்வர்தீன், பஹ்மன், இஸ்ஃபந்த் என்ற, இஸ்லாத்துக்கு முந்தைய சொராஸ்திரிய சமயத்தின் பழைய பெயர்களை மீட்டது. 1976இல் ரெசா ஷாவின் மகனும் கடைசி மன்னருமான முகமது ரெசா ஷா இன்னொரு படி மேலே சென்று, ஹிஜ்ரியைக் கைவிட்டு, சைரஸ் அரியணை ஏறிய காலத்திலிருந்து ஆண்டை எண்ண ஆணையிட்டார். ஒரே நாளில் 1355ஆம் ஆண்டு 2535 ஆகிவிட்டது. அந்தக் கணக்கில் 1941 என்பது சரியாக 2500. முகமது ரெசா ஷா அரியணை ஏறிய ஆண்டும் அதுதான்! ஆனால் முடியரசின் 2,500ஆம் ஆண்டு விழாவைப் பெர்சப்போலிஸில் அவர் 1971இலேயே பெருஞ்செலவில் கொண்டாடிவிட்டார். புதிய எண்ணிக்கையின்படி அது 2530. பொதுமக்களின் சினம் முற்றிய 1978இல் அரசே அந்த நாட்காட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே அந்தத் தங்கை பிறந்தது 1977 மார்ச்சுக்கும் 1978 மார்ச்சுக்கும் இடையில்.

புரட்சிக்குப் பின் வந்தவர்கள் 1980இல் ரெசா ஷாவின் நினைவு மண்டபத்தை இடித்தார்கள். மாதப் பெயர்களை மட்டும் தொடவில்லை. புரட்சி வெற்றி பெற்ற நாளான பஹ்மன் 22ஐக் குறிக்கும் வகையில், புதிய கொடியின் விளிம்பில் 'அல்லாஹு அக்பர்' 22 முறை எழுதப்பட்டிருக்கிறது. பஹ்மன் என்பதோ சொராஸ்திரிய சமயத்தில் நல்லெண்ணத்துக்குரிய தெய்வீக சக்தியின் பெயர்.

கேள்வியாளர்: நெடுவழிப்போக்கன்

அனைவருக்கும் நன்றி. இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, தங்கை பிறந்த ஆண்டைக் கேட்டால் அம்மா எப்போதும் 1356 என்றுதான் சொல்வார் என்றும், சான்றிதழில் எழுதியவர்தான் தவறு செய்துவிட்டார் என்று அம்மா இன்றுவரை நம்புகிறார் என்றும் சொன்னார்.